கழுதைக் காதும் காவிரிக் கரையும்

மைசூரிலிருந்து மேற்கே ஹுன்சூர் சாலையைப் பிடித்து, பிரியாபட்டணாவைத் தாண்டினால் சுமார் 80 கிலோமீட்டரில் பைலகுப்பே. இன்னும் கொஞ்ச தூரம் போனால் காவிரிப் பாலம். பாலத்துக்கு அந்தப் பக்கம் குடகு மாவட்டத்தின் குஷால்நகர். தலைக்காவிரியில் பிறந்த ஆறு இங்கே இன்னும் இளசு. மைசூர் மாவட்டத்தின் இந்தக் கடைக்கோடியில், தை கடைசியிலோ மாசியிலோ, மைதா மாவு எண்ணெயில் வேகும் வாசனை சில நாட்கள் தெருவையே நிறைத்திருக்கும். தீபாவளிக்கு முந்தைய வாரம் நம் தெருக்களில் வருமே, அதே வாசனை. சட்டியை எட்டிப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். உள்ளே மிதப்பது முறுக்கும் இல்லை, அதிரசமும் இல்லை. ஒரு சாணைத் தாண்டிய நீளத்தில், நுனி வளைந்து, பொன்னிறமாக மிதக்கும் அதற்குப் பெயர் கழுதைக் காது.

திபெத்திய மொழியில் 'புங்கே அம்சோ'. லோசார் எனும் திபெத்தியப் புத்தாண்டுக்குச் செய்யும் 'கப்சே' பட்சணங்களில் இதுதான் பெரியது. 2025-இல் பிப்ரவரி 28 அன்று லோசார் வந்தது. 2026-இல் பிப்ரவரி 18. சந்திரனைப் பார்த்துக் கணக்கிடுவதால் நாள் நகரும். நகராத விஷயம் ஒன்று உண்டு: கழுதைக் காதை அடுக்காமல் எந்த வீட்டுப் பூஜை மாடத்திலும் புத்தாண்டு பிறப்பதில்லை.

இந்த மக்கள் நமக்குப் புதியவர்கள் இல்லை. ஊட்டி தாவரவியல் பூங்காவுக்கு அருகே ஸ்வெட்டரும் சால்வையும் விற்கும் திபெத்தியர் சந்தையில் நம்மில் பாதிப் பேர் பேரம் பேசியிருப்போம். மழைக்காலம் முடிந்ததும் நம் ஊர்களின் நடைபாதைகளில் கம்பளித் துணிகளை விரித்து உட்கார்ந்திருந்தவர்களையும் பார்த்திருப்போம். அவர்களில் பலர் தென்னிந்தியக் குடியிருப்புகளிலிருந்து வருபவர்கள். குளிர்கால வியாபாரத்தை முடித்து லோசாருக்குள் வீடு திரும்பிவிட வேண்டும் என்பது அவர்களுடைய வருடக் கணக்கு. எந்தப் பண்டிகைக்காக அவர்கள் கடையைக் கட்டினார்கள் என்று நாம் கேட்டதில்லை.

1959 மார்ச்சில் லாசாவில் மக்கள் எழுச்சி நடந்தது. சீன ராணுவம் அதை ஒடுக்கியது. அப்போது 23 வயதான தலாய் லாமா மார்ச் 17 இரவு மாறுவேடத்தில் வெளியேறி, மாத இறுதியில் இந்திய எல்லையை அடைந்தார். அவரைத் தொடர்ந்து ஏறத்தாழ 80,000 பேர் மலை தாண்டி வந்தார்கள். அசாமில் மிசாமாரி, வங்காளத்தில் பக்ஸா என்று தற்காலிக முகாம்கள். வெயிலையே அறியாத உடம்புகள் அங்கே நோயில் விழுந்தன. தப்பியவர்களில் ஆயிரக்கணக்கானோர் இமயமலைச் சாலைகளில் கல் உடைத்தார்கள். இவர்களுக்கு இடம் வேண்டும் என்று நேரு மாநிலங்களைக் கேட்டபோது முன்வந்தது அன்றைய மைசூர் மாநிலம். பைலகுப்பேயில் சுமார் 3,000 ஏக்கர் காட்டு நிலத்தைக் கொடுத்தது. அந்த உதவிக்காக மைசூர் முதல்வராக இருந்த நிஜலிங்கப்பாவின் பெயரைத் திபெத்தியர்கள் இன்றும் நன்றியோடு சொல்கிறார்கள்.

1960-61இல் முதல் குழுக்கள் வந்து இறங்கியபோது அங்கே மரமும் மூங்கிலும் யானையும்தான். லாசா கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பைலகுப்பே ஆயிரத்தைக்கூடத் தொடாது. கூடாரம் அடித்து, காடு வெட்டி, இரவில் தகர டப்பாவைத் தட்டி யானை விரட்டினார்கள். லுக்சுங் சம்டுப்லிங் என்ற அந்த முதல் குடியிருப்புதான் இந்தியாவில் திபெத்தியர்களுக்கென்று அமைந்த பெரிய குடியிருப்புகளுக்கெல்லாம் மூத்தது. 1969-இல் பக்கத்திலேயே டிக்கி லார்சோ என்ற இரண்டாவது குடியிருப்பு வந்தது. சுற்றுவட்டாரக் கன்னடக்காரர்களுக்கு இதெல்லாம் 'கேம்ப்'தான். ஒண்ணாவது கேம்ப், நாலாவது கேம்ப் என்றுதான் ஆட்டோக்காரர் கேட்பார். 60 வருடங்கள் கடந்தும், மூன்றாம் தலைமுறை வீடு கட்டிக் குடியிருந்தும், அந்தப் பெயர் மாறவில்லை.

அங்கே பண்டிகை எப்படி வந்தது என்று யோசித்தால், சமையலறைக்குள் போகாமல் விடை கிடைக்காது. ஊரை விட்டு ஓடி வந்தவர்கள் கையில் கொண்டுவர முடிந்தது சொற்பம். மனதில் கொண்டுவந்த சமையலுக்கோ இந்த மண்ணில் பொருள் இல்லை. திபெத்தியச் சாப்பாட்டின் முதுகெலும்பு வறுத்து அரைத்த பார்லி மாவு. அதன் பெயர் நம் காதுக்குச் 'சம்பா' என்றே விழும். சம்பா நெல் விளையும் காவிரிப் படுகைக்காரர்களுக்கு அது வேடிக்கையான ஒற்றுமை. பார்லி பைலகுப்பே மண்ணின் பயிர் இல்லை. அங்கே கைகொடுத்தது மக்காச்சோளம். பார்லி வடக்கிலிருந்துதான் வர வேண்டும். யாக் எருமை தாழ்ந்த நாட்டின் வெப்பத்தில் பிழைக்காது. ஆகவே அதன் வெண்ணெயும் இல்லை. இனிப்புச் சோற்றில் போடும் 'ட்ரோமா' என்ற குட்டிக் கிழங்கு உயர்ந்த புல்வெளியில் தோண்டி எடுப்பது. அதுவும் கைக்கெட்டாத தூரத்தில்.

ஆனால் கப்சேவுக்கு வேண்டியது மைதா, சர்க்கரை, பால், கொஞ்சம் வெண்ணெய் அல்லது நெய், பொரிக்க எண்ணெய். எல்லாமே எந்த இந்தியச் சந்தையிலும் கிடைக்கும். கப்சே இத்தனை உறுதியாகத் தங்கியதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பது என் எண்ணம். மாட்டு வெண்ணெய் யாக் வெண்ணெயின் இடத்தைப் பிடித்தது. ட்ரோமா கிடைக்காத வீட்டில் திராட்சையும் முந்திரியும் இனிப்புச் சோற்றுக்குள் போயின. 'ட்ரேசில்' என்ற அந்தச் சோற்றைப் பார்க்கும் எந்தத் தமிழருக்கும் சர்க்கரைப் பொங்கல் நினைவுக்கு வராமல் போகாது.

கப்சே தனி ஆள் வேலை இல்லை. லோசாருக்குச் சில நாட்கள் முன்பு அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்து ஒரு நாள் குறித்துக்கொள்கின்றன. ஒரு வீட்டு முற்றத்தில் அடுப்பு மூட்டினால் காலையில் தொடங்கியது இருட்டும் வரை ஓடும். மாவு பிசைய வலுவான கை வேண்டும். அதிரச மாவுக்குப் பதம் பார்க்கும் பாட்டியைப் போல இங்கேயும் ஒரு மூத்தவர் விரலால் அழுத்திப் பார்த்துத் தலையாட்ட வேண்டும். சிலர் தேய்க்க, சிலர் வெட்ட, சிலர் முறுக்க, பிள்ளைகள் ஓரத்தில் தங்கள் இஷ்டத்துக்குப் பூ, பறவை செய்து கெடுக்க, எண்ணெய்ச் சட்டிப் பக்கம் பெரும்பாலும் ஓர் ஆண். இந்த ஒன்றை நம் வீடுகளுக்கு நான் சிபாரிசு செய்வேன். பட்சணம் என்றால் பெண்கள் மட்டும் புகையில் நிற்க வேண்டும் என்ற சட்டம் அங்கே இல்லை.

கழுதைக் காது மாடத்துக்கு. சின்னச் சின்னதாய் முடிச்சுப் போட்டதும், வரிவரியாய்க் கீறி உள்புறம் இழுத்துவிட்டதும், சாய்சதுரமாய் வெட்டியதும் வாய்க்கு. சாய்சதுரத் துண்டைக் கடித்தால் கிறிஸ்துமஸ் சமயத்தில் நெல்லை, குமரி வீடுகளில் போடும் கலகலாதான். மாடத்தில் கழுதைக் காதுகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, மேலே சின்னக் கப்சே, மிட்டாய், உலர்பழம் என்று கோபுரம் எழுப்புகிறார்கள். பக்கத்தில் தொட்டியில் முளைவிட்ட பச்சைப் பயிர். கோதுமையையோ பார்லியையோ சில நாள் முன்பே ஊறவைத்து முளைக்கப் போட்டது. வரும் ஆண்டு விளைச்சல் நன்றாக இருக்க வேண்டும் என்ற வேண்டுதல். மதுரைப் பக்கத்து அம்மன் கோயில் முளைப்பாரியைத் தூக்கிய எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

லோசார் ஒரு நாள் பண்டிகையும் இல்லை. பழைய ஆண்டின் கடைசி மாதம் 29-ஆம் நாளிலேயே தொடங்கிவிடுகிறது. அன்று வீடு முழுக்க ஒட்டடை, அழுக்கு போக வேண்டும். சமையலறைச் சுவரில் மாவால் மங்கலச் சின்னங்கள் வரைகிறார்கள். நாம் வாசலில் போடுவதை அவர்கள் அடுப்புக்கு மேலே போடுகிறார்கள். மடங்களில் தீயதை விரட்டும் முகமூடி நடனம். 1963-இல் பெனோர் ரின்போச்சே நிறுவிய நாம்ட்ரோலிங் மடத்தில் இந்த 'சாம்' ஆட்டத்தைக் காண மைசூர், குடகுப் பக்கத்து ஜனங்களும் கூடுவார்கள். சுற்றுலாப் பேருந்துகள் 'தங்கக் கோயில்' என்று கொண்டுவந்து நிறுத்தும் இடம் அதுதான். 1999-இல் திறந்த அந்தக் கோயிலின் 60 அடி புத்தரைப் படம் பிடித்துக்கொண்டு பலர் அரை மணியில் கிளம்பிவிடுகிறார்கள். அந்த ஊரில் பார்க்க வேண்டியது கோயில் மதிலுக்கு வெளியேயும் இருக்கிறது.

29-ஆம் நாள் இரவு, 'குத்துக்'. 'கு' என்றால் ஒன்பது. ஒன்பது பொருள் சேர்ந்த கஞ்சி போன்ற சூப். முள்ளங்கி, பட்டாணி, இறைச்சி, உலர்ந்த பாலாடைக்கட்டி, கையால் கிள்ளிப்போட்ட மாவுத் துண்டுகள் என்று வீட்டுக்கு வீடு பட்டியல் மாறும். அதில் ஆளுக்கொரு பெரிய மாவு உருண்டை மிதக்கும். உருண்டையை உடைத்தால் உள்ளே ஏதோ ஒன்று. மிளகாய் வந்தால் வாயாடி. கரித்துண்டு வந்தால் மனசும் கரி. கம்பளி நூல் வந்தவர் மென்மையானவர். உப்புக்குப் பல வீடுகளில் சோம்பேறி என்று பலன். ஒவ்வொருவரும் உடைக்க உடைக்க மற்றவர்கள் சிரித்துத் தீர்ப்பார்கள். மாமியாருக்கு மிளகாய் வரும் வீட்டின் சத்தத்தை நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

சிரிப்பு ஓய்ந்ததும் வேறொரு சடங்கு. ஆளுக்குக் கொஞ்சம் பிசைந்த மாவை எடுத்து, வலிக்கும் இடத்திலெல்லாம் ஒற்றி, உள்ளங்கையில் பிடித்து அழுத்துகிறார்கள். அந்த வருடத்து நோயும் பீடையும் மாவில் இறங்குகிறதாம். மாவால் செய்த ஒரு பொம்மையோடும் மிச்சம் வைத்த சூப்போடும் அதைச் சேர்த்து, வைக்கோல் பந்தத்தைக் கொளுத்தி அறை அறையாகக் காட்டி, தீயதே வெளியே போ என்று கத்திக்கொண்டே தெரு முனைக்குக் கொண்டுபோய் எறிகிறார்கள். பட்டாசு வெடிக்கிறது. சுற்றிப்போட்ட உப்பு மிளகாயை முச்சந்தியில் எறிந்த நம் பாட்டிகளும், போகியன்று பழசைக் கொளுத்தும் நம் பிள்ளைகளும் அந்த இரவில் பைலகுப்பே தெருவில் நின்றால் அந்நியமாக உணரமாட்டார்கள்.

இந்த ஒற்றுமைகளுக்கெல்லாம் வேர் தேடுவது சரியில்லை. விவசாயச் சமூகங்கள் எங்கேயும் இப்படித்தான் யோசித்திருக்கும். ஆனால் ஓர் ஒற்றுமைக்கு மட்டும் வேர் இருக்கிறது. நமக்கு இருப்பது போலவே திபெத்தியர்களுக்கும் 60 ஆண்டுச் சுற்று உண்டு. அதன் பெயர் 'ரப்ஜுங்'. சுற்றின் முதல் ஆண்டின் பெயரே முழுச் சுற்றுக்கும் ஆகிவந்தது. 'பிரபவ' என்ற சமஸ்கிருதச் சொல்லின் நேர் மொழிபெயர்ப்பு அது. காலச்சக்கரம் என்ற பௌத்த நூல் திபெத்துக்குப் போனதோடு இந்தக் கணக்கும் போனது. 1027-இல் முதல் சுற்று தொடங்கியது. இப்போது நடப்பது 17-ஆவது. அது தொடங்கியது 1987-இல். நம் பஞ்சாங்கத்தில் பிரபவ ஆண்டு பிறந்ததும் அதே 1987 சித்திரையில்தான். மலைக்கு அப்பால் போன கணக்கு, அகதிகளோடு சேர்ந்து காவிரிக் கரைக்குத் திரும்பி வந்திருக்கிறது.

புத்தாண்டு விடியலில் முதல் தண்ணீர் பிடிப்பார்கள். பழைய நாட்டில் ஊற்றுக்கோ கிணற்றுக்கோ ஓடுவார்கள், யார் முதலில் என்று. இங்கே குழாயடி. பிறகு கோட்டு போன்ற 'சுபா' அங்கி. மாசி வெயிலுக்குக் கம்பளி தாங்காது. பருத்தியிலும் மெல்லிய பட்டிலும் தைத்துக்கொள்கிறார்கள். வீட்டுக்குள் நுழைபவர் முன் 'செமார்' பெட்டி நீட்டப்படும். நடுவில் தடுப்பு வைத்த மரப்பெட்டி. ஒரு பக்கம் வெண்ணெய் கலந்த பார்லி மாவு, மறுபக்கம் தானியம். ஒரு சிட்டிகை எடுத்து மூன்று முறை காற்றில் தூவி, கொஞ்சம் வாயில் போட்டு, 'டாஷி டெலெக்' சொல்ல வேண்டும். எல்லா மங்கலமும் உண்டாகட்டும் என்பது பொருள். அம்மாவை 'அமா-லா', பாட்டியை 'மோ-லா' என்று அழைக்கும் பிள்ளைகள். அந்த 'லா', நம் 'ங்க' செய்யும் வேலையைச் செய்கிறது. பார்லி அன்றாடச் சாப்பாட்டிலிருந்து பல வீடுகளில் விலகிவிட்டது. சோறும் சப்பாத்தியும் பருப்பும் வந்துவிட்டன. செமார் பெட்டியில் மட்டும் பார்லிக்குப் பதில் இன்னொன்று என்ற பேச்சை விரும்புவதில்லை. நாக்கு விட்டுக்கொடுத்ததைச் சாமி மாடம் விட்டுக்கொடுக்கவில்லை.

புலம்பெயர்ந்தவர்களிடம் இது உலகம் முழுக்க நடக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் நார்வே, ஸ்வீடன் நாடுகளிலிருந்து அமெரிக்காவின் மின்னசோட்டா பக்கம் குடியேறியவர்கள் 'லூட்டஃபிஸ்க்' என்றொரு பண்டத்தைக் கொண்டுபோனார்கள். காய்ந்த காட் மீனைக் காரநீரில் ஊறவைத்து, அலசி, கொழகொழவென்று வேகவைப்பது. ஏழை நாட்களின் சாப்பாடு. பேரப்பிள்ளைகள் இன்று நார்வே மொழியை மறந்துவிட்டார்கள், மீனை மறக்கவில்லை. கிறிஸ்துமஸை ஒட்டி லூதரன் தேவாலயங்களில் அதற்கென்றே விருந்து நடக்கிறது. மேடிசன் என்ற சிற்றூர் தன்னை அமெரிக்காவின் லூட்டஃபிஸ்க் தலைநகர் என்று சொல்லிக்கொள்கிறது. மொழி போன பிறகும் பண்டிகைச் சாப்பாடு நிற்கிறது என்பதற்கு நல்ல சாட்சி. ஆனால் அந்தப் பேரன் நினைத்தால் விமானம் ஏறி ஆஸ்லோவில் இறங்கி, தாத்தா பிறந்த கிராமத்தின் மீனைச் சாப்பிட்டு வரலாம். பைலகுப்பேயின் மோ-லாவுக்கு அந்த வழி இல்லை. இங்கே பதம் தவறினால் சரிபார்க்க அங்கே போய்க் கேட்க முடியாது. அந்தப் பாரம் கப்சே மாவு பிசையும் கையில் இருக்கிறது.

சில ஆண்டுகள் லோசார் வந்தும் கொண்டாடாமல் போயிருக்கிறது. 2008 மார்ச்சில் திபெத்தில் நடந்த போராட்டங்களில் பலர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு, 2009-இல், திபெத்துக்குள் இருப்பவர்களும் வெளியே இருப்பவர்களும் கொண்டாட்டம் வேண்டாம் என்று ஒதுக்கினார்கள். திபெத்தில் எதிர்ப்புத் தீக்குளிப்புகள் தொடர்ந்த நேரத்தில், 2012-இல், நாடு கடந்த அரசின் தலைவர் லோப்சாங் சங்கே மறுபடியும் அதே வேண்டுகோளை வைத்தார்: சடங்கைச் செய்யுங்கள், மாடத்தில் விளக்கேற்றுங்கள், விருந்தும் ஆட்டமும் வேண்டாம். துக்கம் நடந்த வீட்டில் அந்த வருடம் பண்டிகை இல்லை என்பது நம் வழக்கம். அந்த வீட்டில் எண்ணெய்ச் சட்டி ஏறாது. பக்கத்து வீட்டார் தட்டில் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஓர் இனமே துக்க வீடானால் தட்டு கொண்டுவர யார் இருக்கிறார்கள்? அந்த ஆண்டுகளில் அவர்கள் விட்டுக்கொடுத்தது எது, விடாமல் பிடித்துக்கொண்டது எது என்று பார்த்தால், லோசார் அவர்களுக்கு என்னவென்று புரிகிறது. கொண்டாடாமல் இருப்பதும் அவர்களுக்கு ஒரு பேச்சு.

இப்போதைய கவலை வேறு. 2009-இல் எடுத்த கணக்கெடுப்பின்படி இந்தியாவில் இருந்த திபெத்தியர்கள் 94,203 பேர். அதற்குப் பின் எண்ணிக்கை இறங்குமுகம்தான். 1990-இல் அமெரிக்கா 1,000 திபெத்தியர்களுக்கு விசா தரச் சட்டம் செய்தது. முதலில் போனவர்கள் குடும்பத்தை அழைத்துக்கொண்டார்கள். டொராண்டோவின் பார்க்டேல் பகுதிக்கு இன்று 'குட்டி திபெத்' என்றே பெயர். திபெத்திலிருந்து 2008-க்கு முன் ஆண்டுக்கு 2,000-க்கும் மேல் தப்பி வந்துகொண்டிருந்தார்கள். அந்த வரத்து இப்போது ஏறக்குறைய நின்றே போனது. பைலகுப்பேயில் வயல்களைக் கன்னட விவசாயிகளுக்குக் குத்தகைக்கு விட்ட வீடுகள் பல. படித்த பிள்ளைகள் பெங்களூரு போய், அங்கிருந்து கண்டம் தாண்டுகிறார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்தியாவிலேயே பிறந்தும் பலர் கையில் இருப்பது வெளிநாட்டவருக்கான பதிவுச் சான்றிதழ்தான். வேலைக்கும் பயணத்துக்கும் அது போதாது என்று தெரிந்த பிறகு, கடவுச்சீட்டு கிடைக்கும் நாட்டைத் தேடாமல் என்ன செய்வார்கள்?

முதல் புலம்பெயர்வில் பொருள் இல்லாமல் போனது, கைகள் இருந்தன. முற்றத்தில் உட்கார்ந்து மாவு தேய்க்க இருபது பேர் இருந்தார்கள். இந்த இரண்டாவது புலம்பெயர்வில் மைதாவுக்கும் எண்ணெய்க்கும் பஞ்சமில்லை. கைகளைத்தான் தேட வேண்டியிருக்கிறது. எனவேதான் கப்சே இப்போது கடைகளிலும் பாக்கெட்டில் கிடைக்கிறது. நம் வீட்டுத் தீபாவளியும் அந்த வழியில்தான் போனது. முறுக்குச் சுற்றத் தெரிந்த அத்தைகள் இருந்த வீட்டில் இன்று ஸ்வீட் கடைப் பெட்டி. பெட்டியில் ருசி குறைவு என்று நான் சொல்லவில்லை. சட்டியைச் சுற்றி நடந்த பேச்சு பெட்டியில் வராது. எந்தப் பெரியப்பா எந்தக் கணவாயைத் தாண்டும்போது விரல்களைப் பனிக்குக் கொடுத்தார், எந்த அத்தை சாலை வேலையில் பிள்ளை பெற்றார் என்பதெல்லாம் பள்ளிப் புத்தகத்தில் இருப்பவை இல்லை. மாவு தேய்க்கும்போது சொல்லப்படுபவை.

மடங்கள் இந்தக் குறையைக் கொஞ்சம் தாங்குகின்றன. லாசாவுக்கு அருகே 1419-இல் எழுந்த சேரா மடம் 1970-இல் பைலகுப்பேயில் மறுபிறவி எடுத்தது. லோசாருக்கு அங்கே துறவிகளே பெரிய அண்டாக்களில் மாவு பிசைந்து, மலைபோல் கப்சே பொரிக்கிறார்கள். இளம் துறவிகளில் லடாக், அருணாச்சல், நேபாளம், பூடான் பிள்ளைகள் இன்று அதிகம். திபெத்தைக் கண்டிராத கைகள் திபெத்தின் பட்சணத்தைக் கற்றுக்கொள்கின்றன. கற்றுக்கொடுப்பவர்களிலும் பலர் திபெத்தைக் கண்டதில்லை.

மூன்றாம் நாள், பழைய பிரார்த்தனைக் கொடிகளை இறக்கிப் புதியவற்றைக் கட்டுகிறார்கள். நீலம், வெள்ளை, சிவப்பு, பச்சை, மஞ்சள். புகையிட்டு, கையில் எடுத்த மாவை எல்லோரும் ஒன்றாக வானத்தில் எறிகிறார்கள். அதோடு பெரிய சடங்குகள் முடிகின்றன. வட்டமாகக் கை கோத்து ஆடும் ஆட்டமும் தாயக்கட்டை போன்ற 'ஷோ' விளையாட்டும் மேலும் சில நாள் ஓடும்.

பிறகு மாடத்துக் கோபுரத்தைப் பிரிப்பார்கள். மேலே இருந்த மிட்டாய் பிள்ளைகளுக்கு. அடியில் இருந்த கழுதைக் காதை உடைத்து அக்கம்பக்கம், விருந்தாளி, வயலுக்கு வரும் கன்னடக்காரர் என்று எல்லோருக்கும் பங்கு. வந்தவர் வெறும் பையோடு திரும்ப முடியாது. அதற்குள் கழுதைக் காது காய்ந்து கல்லாகியிருக்கும். அப்படியே கடித்தால் பல்லுக்கு ஆபத்து. சூடான டீயில் முக்கி, கொஞ்ச நேரம் பொறுத்து, ஓரத்திலிருந்து தின்ன வேண்டும்.